நம் வண்டி வீட்டின் உயரம்

நண்பா,

இன்று காலை எங்கள் அடுக்குமாடி வாசலில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. மேல்வீட்டுக் குடும்பம் கோவா போவதற்காக வாடகைக்கு எடுத்த வண்டி வீடு. ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் புது பிளைவுட்டும் பசையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், நான் மறுபடி பொம்மசந்திராவில், நாம் நம் வண்டியைக் கட்டிய தகரக் கொட்டகைக்குள் நின்றேன். நீ பலகை அறுக்க, நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டில், அடுப்பு, குளியலறை என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. "உயரம் எவ்ளோ?" ஓட்டப்போகும் அவர்கள் வீட்டு மருமகன் சிரித்தார். "தெரியாது அங்கிள். வண்டி குடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி நான்கு வருஷமாகிறது. இந்த விஷயத்தை வேறு யாரிடம் பேசுவேன்?

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடை. ஒரே கம்பெனியில் நீ வெல்டிங் செக்‌ஷன், நான் ஸ்டாஃப் பஸ் டிரைவர். ஸ்ரீராம்புரத்தில் இரண்டு குடும்பமும் ஒரே சந்து. நம் பிள்ளைகள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. கன்னியாகுமரிக்கு ரயிலில் போகலாம் என்றேன். "ரயில் நம்ம சொன்ன எடத்துல நிக்குமாடா? நம்ம வீட்டையே ஓட்டினு போலாம்" என்றாய். யாரோ கழித்துவிட்ட ஒரு மினி பஸ்ஸை இருவரும் சேர்ந்து வாங்கினோம். எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்பதே நமக்கு இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்தது. சீட்டுகளைக் கழற்றி, படுக்கைகள் போட்டு, சமையல் மேடை கட்டினாய். கூரைமேல் ஐந்நூறு லிட்டர் இரும்புத் தண்ணீர்த் தொட்டியை வெல்டிங் வைத்தாய். தொட்டிக்கு நேர் கீழே இருந்த மேல் படுக்கையை உன் மகள் அமுதா பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

கொட்டகையிலிருந்து புறப்படும் நாளில் நான் கிளப்பத் துடித்தேன். நீ விடவில்லை. "தண்ணியும் ரொப்பணும், சாமானும் ஏறணும், எல்லாரும் உக்காரணும். அப்புறம் எடை போடணும்" என்றாய். லாரிகளோடு லாரியாய் எடை மேடையில் போய் நின்றோம். அனுமதித்த எடையைவிட நானூறு கிலோவுக்கு மேல் கூடுதல்! உன் இரும்புப் பீரோவை முதலில் இறக்கினாய். அரிசி மூட்டையில் பாதி போயிற்று, என் டூல் பெட்டி போயிற்று. கடைசியில் என் மனைவியின் கிரைண்டர்மேல் கை வைத்தாய்.

"அதை எறக்கினா நானும் எறங்கிடுவேன்ணா" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் எறங்குங்கம்மா, கணக்கு ரொம்ப சரியா வரும்" என்றாய்.

எடை மேடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். கிரைண்டர் இறங்கியது, அவள் இறங்கவில்லை. மறுபடி எடை போட்டோம், சரியாக இருந்தது. பிறகு தரையிலிருந்து தொட்டி மூடிவரை அளந்தாய். ஒன்பது அடி எட்டு அங்குலம். நம் சந்துக்குப் போகும் வழியில் இருக்கும் ரயில் பாலத்தின் அடிப்பக்க உயரத்தையும் முன்பே மூங்கில் கழியோடு போய் அளந்து வந்திருந்தாய். ஒன்பது அடி பத்து. "ரெண்டு அங்குலம் சும்மா கெடக்கு" என்று என் முதுகில் தட்டினாய்.

அந்தப் பயணத்தைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. மதுரைக்கு அப்பால் ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, நம் அடுப்பில் நம் தோசையைச் சுட்டுத் தின்றோமே! கடலைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓட, அவர்களை முந்திக்கொண்டு நீ ஓடினாயே, சட்டையைக்கூடக் கழற்றாமல்!

திரும்பி வந்த நாள், மாலை நாலு மணி இருக்கும். ஸ்டியரிங் என் கையில். ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் நம் சந்தே திரண்டு நின்றது. வண்டி வீட்டை அவர்கள் பார்க்கப்போவது அன்றுதான் முதல்முறை. விசில் பறந்தது, யாரோ தப்பு மேளம் அடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஆக்சிலேட்டரில் கால் வைத்தேன்.

"நிறுத்து" என்றாய்.

"எதுக்கு?"

"எறங்கி அளந்துடறேன்."

"அளந்தாச்சேடா! ரெண்டு அங்குலம் கெடக்குன்னு நீதானே சொன்னே?"

"அது தண்ணி இருந்தப்போ."

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. "ஹோகி சுவாமி, லேட் ஆகுத்தெ!" என்று ஆட்டோக்காரர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். ஊர் பார்க்க வண்டியை நிறுத்தியதில் எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "பத்து வருஷமா பஸ் ஓட்டறேன். உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிய பார்த்ததில்ல" என்று உன் மனைவி, மகள் முன்னாலேயே கத்தினேன். நீ டேப்போடு கூரைமேல் ஏறினாய். இறங்கியபோது உன் முகம் வெளுத்திருந்தது.

"ஒம்பது அடி பத்தரை."

பாலம் ஒன்பது அடி பத்துதான். தொட்டி காலி, அரிசி பருப்பு காலி. பாரம் குறைந்ததும் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து வண்டியை இரண்டரை அங்குலம் தூக்கிவிட்டிருந்தன. திரும்பிப் பார்த்தேன். மேல் படுக்கையில் அமுதா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே அந்த இரும்புத் தொட்டி. இன்ஜினை அணைத்தேன்.

திருப்ப இடமில்லை, பின்னால் போகவும் வழியில்லை. நீ அமுதாவைத் தூக்கி அவள் அம்மாவிடம் கொடுத்தாய். இரண்டு குடும்பத்தையும் கீழே இறக்கினாய். பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாய்.

"வண்டி வீட்டுல ஏறணும்னு யாருக்கெல்லாம் ஆசையோ, ஓடி வாங்க!"

அப்பா, அந்த ஓட்டம்! லுங்கியை மடித்துக் கட்டியவர்கள், தப்போடு வந்தவர், இஸ்திரி கடைக்காரர், பூக்காரம்மா. நீ வாசலில் நின்று எண்ணி எண்ணி ஏற்றினாய். "இருபத்தி நாலு பேர் போதும், அதுக்குமேல ஆக்சில் தாங்காது. எல்லாரும் தரையில உக்காருங்க!" ஒவ்வொருவர் ஏறும்போதும் வண்டி மெல்ல அமுங்குவதை என் சீட்டில் உணர்ந்தேன். மறுபடி அளந்தாய். ஒன்பது அடி ஏழு!

நான் எழுந்து ஸ்டியரிங்கை உனக்கு விட்டேன். என் கை நடுக்கத்தை நீ பார்த்தாய்.

"உக்காருடா. நான் முன்னாடி நின்னு பாக்கறேன், நீ ஓட்டு" என்றாய்.

உன் உள்ளங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மெல்ல, இன்னும் மெல்ல. தலைக்குமேல் பாலத்தின் நிழல் நகர்ந்தது. முன்சக்கரம் வெயிலுக்கு வந்தது, பிறகு தொட்டி வந்தது. நீ காற்றில் குதித்தாய்! உள்ளே எழுந்த கூச்சலில் பாலமே இடிந்து விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் இறங்கச் சம்மதிக்கவில்லை. பாதிப் பேரைக் கெஞ்சி இறக்கிவிட்டு, மீதிப் பேரோடு ஒரு ரவுண்டு போய்வந்தோம்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. அன்றிரவு சாப்பிடும்போது வாய்வரை வந்தது, நீ வேறு பேச்சை எடுத்துவிட்டாய். பிறகு எத்தனையோ வண்டிகள் ஓட்டிவிட்டேன். ஹாரன் காதைப் பிளந்தாலும் சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்த்துவிடுகிறேன், வெட்கமே படுவதில்லை. அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்குள் பெரிதாக இருப்பது அது இல்லை. உன்னை எல்லார் முன்னாலும் பயந்தாங்கொள்ளி என்றவன் நான். என் கை நடுங்குவதைப் பார்த்த பிறகும், இருபத்து நான்கு உயிரை ஏற்றிவிட்டு, "நீ ஓட்டு" என்றாயே நண்பா. ஒரு மனிதன் என்னை அவ்வளவு நம்பினான் என்ற சந்தோஷம் இருக்கிறதே, அதில்தான் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.