டெம்போவுல இருந்த பேரு

வியாழக்கெழமை ராத்திரி

இன்னைக்கு சேந்தமங்கலம் போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிட்டேன்! எல்லாம் நிலாக்குட்டிக்காக. எங்க ஆன்லைன் பாட்டு ரசிகர் குரூப்புல அவ பேரு அதுதான். ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு ஊட்டுல சொல்லிட்டாளாம். "மாத்தி உடறோம்"னு ஒரு வைத்தியர்கிட்ட அடைச்சு வெச்சு ஊசி போடறாங்களாம். நேத்து வந்த கடைசி மெசேஜ் அது.

எஸ்.ஐ. அக்கா கேட்டாங்க, "நெசப் பேரு என்ன கண்ணு?"

"தெரியாதுங்க."

"அப்பன் பேரு?"

"தெரியாதுங்க. ஊரு மலை மேல இருக்கற பைல் நாடு. அவளுக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் வேணா சொல்றேனுங்க."

"பாட்டை வெச்சு எப்படிச் சாமி ஆளைத் தேடறது?"

சிரிச்சாலும் என்னைத் தொரத்தல. அவ போட்ட போட்டோவெல்லாம் ஒக்காந்து பாத்தோம். ஒண்ணுல அவங்கப்பா மொளகு மூட்டை ஏத்தற டெம்போ. கண்ணாடிக்கு மேல புள்ளைங்க பேரு: சரண்யா, சதீஷ். நம்பரும் தெளிவா இருந்துச்சு! அக்கா ஒடனே மலை ஸ்டேஷனுக்குப் போன் போட்டாங்க.

சாயங்காலம் எனக்குக் கூப்பிட்டாங்க. "அவளை வைத்தியர்கிட்ட இருந்து கூட்டிட்டு வந்தாச்சு கண்ணு. உன்னையப் பாக்கணுங்கறா."

நாளைக்குத்தான் மொத தடவை நேர்ல பாக்கப் போறேன். அந்த சரண்யாங்கற நெசப் பேரு அவளுக்குப் பிடிக்குமா, இல்ல நிலாக்குட்டின்னே கூப்பிடணுமா? போனதும் மொதல்ல அதைத்தான் கேக்கணும்.