அப்பா பெயர் எழுதிய குப்பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், இருமலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ரொம்பவே நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் அப்படியே பதில் எழுது.

உன் அப்பா அடித்த கூத்தை ஃபோனில் சொல்லலாம் என்றால் மனிதர் என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அதனால்தான் கடிதம். மூன்று மாதமாக நம் பின்பக்க மதிலுக்கு அந்தப்புறம் சாயங்காலமானால் கறுப்புப் புகை. ரப்பர் தீய்கிற நாற்றம், காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் கரி. மாடியில் குடியிருக்கிற தையற்காரர் வீட்டு ஏழு மாதக் குழந்தை இருமி இருமிப் பால்கூடக் குடிக்கமாட்டேன் என்கிறது. டாக்டர் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம், அவர்களும் வீடு தேட ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் அந்தக் குழந்தையை ஒரு நடை தூக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு வேலையே ஓடாது, போய்விடுவார்களோ என்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா விடுவாரா? நாலு பக்கத்துக்கு ஒரு புகார் எழுதி, எரிக்கிறவனை மட்டும் பிடித்தால் போதாது, எரிகிறது யார் வீட்டுக் குப்பை என்று கண்டுபிடித்து "பேரைப் போர்டுல எழுதி மானத்த வாங்கணும்" என்று சுகாதார அதிகாரியிடம் நேரில் கொடுத்துவிட்டு வந்தார். போன செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் நடக்க, தெருவே பின்னால் போனது. அங்கே பழைய சாமான் கடைக்காரர் ஒயர்களைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருக்கிறார், மேலே உள்ள பிளாஸ்டிக் எரிந்தால்தான் உள்ளே செம்பு கிடைக்குமாம். "குடுக்குறாங்க, வாங்குறேன், நான் என்னங்க பண்ணட்டும்" என்றார் நிதானமாக. அதிகாரி ஒரு குச்சியால் பக்கத்தில் எரிக்க வைத்திருந்த சாமான் குவியலைக் கிளறி ஒரு டிவியைப் புரட்டினார். அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் அப்பா பெயர், வீட்டு நம்பர், வாங்கிய தேதி! முப்பது வருஷம் ஆபீஸ் கிடங்கில் மேசை நாற்காலிக்கெல்லாம் நம்பர் போட்ட கை ஆயிற்றே, நம் வீட்டில் எது வந்தாலும் பெயர் எழுதிக் காயவைத்த பிறகுதானே சுவிட்சைப் போடவிடுவார். அடுத்து ஃபேன், அதிலும் பெயர். அடுத்து நீ அனுப்பிய பழைய கம்ப்யூட்டர், அதில் உன் பெயரும் சேர்த்து. இந்தப் பெயரில் தெருவில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்க, "விசாரிச்சுத்தான் சொல்லணும்" என்றார் உன் அப்பா, அதே பெயர் போட்ட புகாரைக் கையில் வைத்துக்கொண்டு.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த நிமிஷம் என் ரேடியோ வந்தது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது, புதுச் சுவருக்கு நிறம் பொருந்தவில்லை என்று நான்தான் தூக்கிப் போட்டேன். அதில் அப்பா "மனைவிக்கு" என்றும் எழுதியிருந்தார். அத்தோடு என் சிரிப்பு போயிற்று. இடுப்பில் வைத்துக் கொஞ்சுகிற குழந்தைக்கு நாமே புகை போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. சிரிக்க வந்த மற்றவர்களும் தங்கள் வீட்டு மிக்சியோ சார்ஜரோ தலைகாட்டுவதற்குள் நழுவிவிட்டார்கள்.

நெருப்பு வைக்கக்கூடாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா மாடியேறி, எல்லாம் எங்கள் வீட்டுச் சாமான்தான் என்று தையற்காரரிடம் தானாகவே ஒப்புக்கொண்டார், உன் அப்பா இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. இப்போது தெருவில் யார் வீட்டில் எது கெட்டாலும் பட்டியல் போட்டு வாங்கி, எரிக்காமல் பிரித்தெடுக்கிற இடத்துக்கு இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். நான்கு நாளாகப் புகை இல்லை. நேற்று குழந்தை ஒரு பாட்டில் பாலை முழுசாகக் குடித்தது. மாதக் கடைசிவரை பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்கிறார்கள், நீயும் வேண்டிக்கொள்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, எங்கள் ஃபோனில் கீறல் விழுந்துவிட்டது என்று புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, வேண்டாம். கீறலுக்கு இந்தப் பக்கம் உன் முகம் பாதி நன்றாகவே தெரிகிறது. மீதியை நேரில் வந்து காட்டு.

ஆசிகளுடன்,
உன் அம்மா