மரியாதைக்கு அழுத்திய பொத்தான்

ஒக்டோபர் 14, செவ்வாய்

பக்கத்துப் பள்ளிக்கூட நூலக வேலைக்கு நாளை பதில் சொல்ல வேண்டும். ஒன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கலாம். ஒரு வாரமாக இதே ஆசை.

இன்று ஆஸ்பத்திரியில் கொட்டாஞ்சேனை ஐயா ஒருவருக்குக் காது சோதித்தேன். துறைமுகத்தில் வேலை செய்தவர். சத்தம் கேட்டால் மட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். நான் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் அழுத்தினார்.

"மிஸ் பார்த்துக்கொண்டு இருக்கேக்க சும்மா இருக்கலாமே? மரியாதைக்கு அமத்தினனான்."

அவர் இருந்த கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மறுபடி தொடங்கினேன். சோதனை முடிந்து காது கேட்கும் கருவியை மாட்டியதும், கூட வந்திருந்த அவரது மனைவி மெல்ல, "கேக்குதோ?" என்றா.

"ஓம். உனக்குக் கத்தாமலும் கதைக்க வருமே?"

"முப்பது வருசமா உங்களுக்காகத்தானே கத்தினனான்!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவ கண்ணைத் துடைத்தா.

இதை விட்டுப் போக என்னால் முடியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த எனக்கு இப்படியொரு வேலை கிடைத்ததே பெரிய விஷயம். பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவேன். கடற்கரை ஆசையும் போகவில்லை. சனிக்கிழமைகளிலாவது லீவு தாருங்கள் என்று பெரிய டொக்டரிடம் கேட்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. அதைச் சிங்களத்தில் மூன்று தரம் எழுதிப் பார்த்துவிட்டேன். வாயால் சொல்லத்தான் பயம்.