இடது கால் ஷூ

அன்புள்ள உனக்கு,

நீ எழுதி அனுப்பியபடியே, காரில் ஏறியதும் இடது கால் ஷூவைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிடுகிறேன். இறங்கும்போது அதை எடுக்கப் பின்கதவைத் திறந்தாக வேண்டும். பாப்பா தூங்கினாலும் கண்ணில் படுவாள். பிள்ளையை மறப்பவனும் ஷூவை மறக்கமாட்டான் என்று, இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர்கள் ஆண்களைச் சரியாக எடைபோட்டிருக்கிறார்கள்.

நீ அவளை அழைத்துக்கொண்டு போன இந்த இரண்டு மாதமும் காலி சீட்டை வைத்துப் பழகுகிறேன். அலுவலக வாசலில் ஷூ மாட்டும்போது காவலாளி கேட்டார்: "என்ன சார், தினமும் ஒத்தக் கால்ல நிக்கிறீங்க? அப்படி என்னதான் வேணும்?"

"ஒரு ஞாயித்துக்கிழமை" என்றேன். சிரித்தார்.

அன்று நான் மறந்துபோய்ப் பூட்டிய காருக்குள் அவள் இருந்தது பதினோரு நிமிடம். கண்ணாடியை உடைத்து அவளைத் தூக்கியவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

நேற்று போனில், "அப்பா, நான் எங்க இருக்கேன் சொல்லு பாப்போம்?" என்றாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். "கட்டிலுக்கு அடியில, மக்கு அப்பா!" என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஞாயிறன்று பஸ்ஸில் வருகிறேன். அவளை எங்கும் அழைத்துப் போகமாட்டேன். நீ பார்த்துக்கொண்டிரு, அவளைத் தேட மட்டும் என்னை விடு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா