வரிசையில் நின்ற வாளி

சிவப்பு மை முப்பது வருடத்தில் மங்கிப்போயிருக்கும் என்று நம்பியிருந்தேன். மங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உம்முடைய மகள் டிலானி ஹெந்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்து, ஒரு காகிதக் கட்டை என் மேசையில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கட்டும் அதே வெள்ளை நூலால் கட்டியிருந்தீர். பிரித்ததும் முதல் பக்கத்தின் ஓரத்தில் அந்த எழுத்து: "விண்வெளியில் சத்தம் கேட்காது!" கீழே இரட்டைக் கோடு.

"அப்பா ரி.வி.க்கெண்டு எழுதின நாடகம், அங்கிள். ஆரோ சிவப்புப் பேனையால முழுக்கத் திருத்தி வைச்சிருக்கினம். ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை," என்றேன்.

நாற்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பொய் சொல்லும் பிள்ளையைக் காது சிவப்பதை வைத்தே பிடித்துவிடுவேன். அன்று என் காது சுட்டது.

டிலானி தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவளோடு வேலை செய்யும் மூன்று பெண்பிள்ளைகள் யூடியூப்பில் போட ஒரு சின்னத் தொடர் எடுக்கப்போகிறார்களாம். உம்முடைய கதையைக் கேட்டிருக்கிறார்களாம். "சயன்ஸ் சரியோ எண்டு ஒருக்காப் பார்த்துத் தாங்கோ அங்கிள். வாற ஞாயிறு வந்து எடுக்கிறன்." முன்பும் ஒருமுறை இதே கட்டு இதே வேலைக்காக என்னிடம் வந்தது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நீர் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. உம்மிடம் நேரே சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நான் உம்மை எப்போதும் 'நீர்' என்றேன், நீர் என்னை 'நீங்கள்' என்றீர். நான் மாஸ்டர், நீர் அலுவலகத்து எழுதுவினைஞர் என்பதால் அப்படி அமைந்தது. இப்போது மாற்றி எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருக்கும். மன்னியும்.

பம்பலப்பிட்டியில் நம் பள்ளிக்கூடத்தின் சின்ன அலுவலக அறை. தவணைப் பரீட்சை வந்தால் என் வினாத்தாளை ஸ்டென்சிலில் தட்டித் தருவது நீர்தான். என் கையெழுத்தை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் என்று அதிபரே உம்மைச் சொல்வார். "உங்கட 'ப' வயித்துவலியில சுருண்டு படுத்திருக்கு மாஸ்டர்," என்று தாளைத் தூக்கிக் காட்டுவீர். மற்ற ஆசிரியர் எல்லாரும் உமக்கு 'சேர்'. நான் மட்டும் 'மாஸ்டர்'. ஏன் என்று நான் கேட்கவில்லை, உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சீலைப் பைக்குள் இரண்டு வீடியோ கசெட்டோடு வருவீர். உம்முடைய வீட்டில் கசெட் போடும் டெக் இல்லை, எங்கள் பிளாட்டில் இருந்தது. என் மனைவி சரோ தேத்தண்ணீர் ஊற்றுவாள். நாம் இரண்டு பேரும் வெளிநாட்டு விண்வெளித் தொடர்கள் பார்ப்போம். எனக்கு அது பிழை பிடிக்கும் விளையாட்டு. உமக்கு அப்படி இல்லை என்பது விளங்க எனக்கு வெகுநாள் எடுத்தது.

பெரிய கப்பல் தொடர் நினைவிருக்கிறதா? முதலாம் பாகத்தை மூச்சு விடாமல் பார்த்தோம். மூன்றாம் பாகத்தில் கொட்டாவி வந்தது. படம் முன்னையைவிட அழகு, கப்பல் முன்னையைவிடப் பெரிசு. பிறகு ஏன் சலிக்கிறது என்று நான் கேட்டேன். நீர் பதிலுக்கு என்னையே கேட்டீர்.

"முதலாம் பாகத்தில கப்பல்ல காத்து எத்தனை நாளைக்கு இருந்தது மாஸ்டர்?"

"பதினொரு நாள்."

"பாருங்கோ, உங்களுக்கு இன்னும் ஞாபகம். மூண்டாம் பாகத்தில?"

எனக்குத் தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் தெரியாது. எழுதினவனுக்கே தெரியாது. அதான் படுத்திட்டுது."

அடுத்த கசெட்டில், முன்பு இறந்த கப்டன் உயிரோடு கதவைத் திறந்துகொண்டு வந்தார். நீர் எழுந்து டெக்கை நிறுத்திவிட்டீர். "செத்த மனிசன் திரும்பி வந்திட்டான். இனி இதில ஆர் செத்தா எனக்கென்ன?" பாதி பார்த்த கசெட்டைப் பைக்குள் போட்டீர். அந்தத் தொடரை நாம் பிறகு தொடவே இல்லை.

மற்றத் தொடரோ மட்டமான செலவில் எடுத்தது. கதவைச் சாத்தினால் சுவர் ஆடும், சுடும் துவக்கு என்று காட்டியது ரோர்ச் லைட். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனாலும் கடைசிவரை பார்த்தோம். அதில் ஓட்டுநரும் இயந்திரம் பார்க்கும் பெண்ணும் ஒரு செடி வாடிப்போனதற்காகச் சண்டை பிடித்து ஆறு கிழமை பேசாமல் இருப்பார்கள். ஆறாவது கிழமை அவள் பேசியபோது சரோ குசினியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். "சுவர் ஆடினா ஆடட்டும் மாஸ்டர். ஆக்கள் ஆடக்கூடாது," என்றீர்.

வகுப்பறையும் இப்படித்தான். தவணைத் தொடக்கத்தில் சொன்ன விதியை மாஸ்டரே இடையில் மறந்தால், பிறகு எந்தப் பிள்ளையும் அவரை நம்பாது. நான் இருபது வருடம் கடைப்பிடித்த ஒன்றை நீர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடித்தீர். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. உண்மையைச் சொன்னால், கொஞ்சமல்ல.

ஒரு சனிக்கிழமை பிளாட்டில் தண்ணீர் வரவில்லை. மொட்டைமாடித் தாங்கியிலிருந்து அள்ளப் போனோம். நான் நிறைந்த வாளியைக் கையால் வட்டமாகச் சுழற்றிக் காட்டினேன், தலைக்குமேல் போனபோதும் ஒரு சொட்டு விழவில்லை. நீர் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினீர். மூன்றாவது சுற்றில் கைப்பிடி கழன்று, தண்ணீர் முழுக்கக் கீழ்வீட்டார் காயப்போட்ட மிளகாயில். சரோ ஏசிய ஏச்சு இருவருக்கும்.

அதற்கு அடுத்த வருடம்தான் என் பழைய மாணவன் ஒருவன், தொலைக்காட்சியில் தயாரிப்பாளனாக இருந்தவன், ஒரு நாடகப் பிரதியை எனக்கு அனுப்பினான். தமிழில் முதலாவது விஞ்ஞானத் தொடர் போடலாம் என்று எண்ணம், விஞ்ஞானம் சரியா என்று பார்த்துத் தாருங்கள் என்றான். எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் நம் பள்ளிக்கூடத் தட்டச்சு இயந்திரத்தில் 'ழ' எப்போதும் அரை நூல் மேலே ஏறி நிற்கும். இரண்டாவது வரியிலேயே நீர் என்று தெரிந்துவிட்டது.

எத்தனை சனிக்கிழமை பக்கத்தில் இருந்து பார்த்தோம், எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லையே என்ற கோபம் முதலில் வந்தது. பிறகு வாசித்தேன். கோபம் வேறு ஒன்றாக மாறியது.

உம்முடைய கப்பலில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் தண்ணீர் வரும். அடித்தளத்தில் ஒரே ஒரு குழாய். வேலை உள்ளவர்கள் வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். கொட்டாஞ்சேனையில் நீர் குடியிருந்த ஒழுங்கையின் குழாயடி வழக்கம் அது. வாளி நின்றால் ஆள் நிற்கிற மாதிரி, வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர் முன்வாளியையும் தள்ளிவிட வேண்டும். நான்காம் அங்கத்தில் சமையல்காரன் இறந்துபோகிறான். மறுநாள் காலை, அவன் வைத்துவிட்டுப் போன வாளி வரிசையில் நிற்கிறது. பின்னால் நிற்பவள் அவனோடு ஓயாமல் சண்டை பிடித்தவள். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்க்கிறாள். பிறகு காலால் ஓர் அடி முன்னுக்குத் தள்ளுகிறாள். அங்கம் முடிகிறது.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இது நல்லது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: எனக்குத் தெரியும். தெரிந்தே சிவப்புப் பேனையை எடுத்தேன். வகுப்பில் என்னிடம் படிக்காத ஒரு எழுதுவினைஞர், நான் பிழை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இதைக் கட்டியிருக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. "எடையற்ற இடத்தில் வாளியில் தண்ணீர் நிற்காது. அடிப்படையே பிழை." பக்கத்துக்குப் பக்கம் அப்படி எழுதினேன். எழுதியவை எல்லாம் சரியான விஞ்ஞானம். கடைசிப் பக்கத்தில், கைப்பழக்கத்தில், வட்டம் போட்டுப் புள்ளியும் இட்டேன்: நூற்றுக்கு 38.

தயாரிப்பாளன் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்தான். அலுவலக அறையில், உம்முடைய மேசையில் இருந்த தொலைபேசி. நீர் "மாஸ்டர், உங்களுக்கு" என்று தந்துவிட்டு வெளியே போனீர்.

"சேர், கதை எப்பிடி?"

"கதையை விடும். பிள்ளையள் பார்த்தாப் பிழையாப் படிப்பினம்."

"அப்ப வேண்டாமோ சேர்?"

நான் பேசாமல் இருந்தேன். திருத்தினால் சரிவரும் என்று ஒரு வசனம் போதுமாக இருந்தது. அவன் என் மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டான். நாடகத்துக்கு ஒதுக்கிய அரை மணித்தியாலம் ஒரு பாட்டு நிகழ்ச்சிக்குப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமையும் இரண்டு கசெட்டோடு வந்தீர். ஒன்றும் சொல்லவில்லை. என் பெயர் எங்கும் இல்லை, பிரதியும் அவர்களோடு போய்விடும் என்று நிம்மதியாக இருந்தேன். திருத்திய தாள் எழுதியவன் கைக்குத்தான் திரும்பிப் போகும் என்பது ஓர் ஆசிரியனுக்கா தெரியாமல் போக வேண்டும்? அதுவும் என் எழுத்தை வாசிக்கக்கூடிய ஒரே மனிதரின் கைக்கு. அதன்பின் எத்தனையோ வருடம் வந்துபோனீர். போன வருடம் உம்முடைய அடக்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். "நல்ல ரசிகர்" என்றேன். ரசிகர்! டிலானி முன்வரிசையில் தலை குனிந்து இருந்தாள்.

போன ஞாயிறு டிலானி போனபின், பின்னேரம் பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் கீழே பென்சிலால் சின்னதாக நீர் எழுதியிருக்கிறீர். சத்தம் கேட்காது என்பதற்குக் கீழே: "சரி. வெடிச்சத்தம் வேண்டாம். சத்தமில்லாமல் வெடித்தால் இன்னும் பயம்." தண்ணீர் நிற்காது என்பதற்குக் கீழே: "மொட்டைமாடியில் மாஸ்டர் சுழற்றின வாளி! கப்பல் சுழலட்டும்." என் 38க்குக் கீழே: "பாஸுக்கு இன்னும் இரண்டு. மாஸ்டர் போட்டிருக்கலாம்."

சமையல்காரனின் வாளி நிற்கும் பக்கத்தில் மட்டும் சிவப்பு இல்லை. நான் எதையும் எழுதாமல் விட்டது எனக்கே மறந்திருந்தது. அங்கேயும் உம்முடைய பென்சில் இருந்தது: "இதில் பேனை படவில்லை. மாஸ்டருக்குப் பிடித்திருக்கிறது."

என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. சரோ வந்து பக்கத்தில் நின்றாள். காட்டினேன். முப்பது வருடம் அவளுக்கும் சொல்லாதது.

"தெரியாது பிள்ளை எண்டு நீங்கள் சொன்னது குசினிக்குக் கேட்டது," என்றாள். "ஒரு மாதிரியான குரல். அப்பவே நினைச்சன்." பிறகு பக்கத்தை மறுபடி பார்த்தாள். "மாஸ்டர், மாஸ்டர் எண்டு எத்தனை இடத்தில எழுதியிருக்கிறார். இதை வாசிக்காமலோ அந்தப் பிள்ளை கொண்டுவந்தது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பொய் சொன்னது, எல்லாம் தெரிந்த ஒருத்தியிடம்.

இரண்டு நாள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை எடுத்தேன்.

"பிள்ளை, அந்தச் சிவப்பு மை..."

"தெரியும் அங்கிள்."

"பிறகு ஏன் கேட்டனீர்?"

"அப்பா ஒருநாளும் கேக்கேல்லை. ஆராவது ஒருக்காக் கேக்கோணும் எண்டு நினைச்சன்."

நான் செய்ததை முழுவதும் சொன்னேன், தொலைபேசியில் பேசாமல் இருந்ததையும். அவள் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. கடைசியில், "கப்பல் சுத்தினால் வாளியில தண்ணி நிக்குமோ அங்கிள்?" என்று கேட்டாள்.

"நிக்கும். உம்மட அப்பா கண்டுபிடிச்சது சரி."

"இதை அவருக்குச் சொல்லியிருக்கலாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நீர் என்னை மன்னித்ததாக ஒரு காட்சியை இங்கே எழுதிப் பார்க்க மனம் வந்தது. எழுதவில்லை. செத்தவரைக் கதவு திறந்து உள்ளே கொண்டுவந்தால் நீர் எழுந்து டெக்கை நிறுத்திவிடுவீர். உம்முடைய விதியை நான் இன்னொரு தரம் குழப்பக்கூடாது.

கப்பல் என்ன அகலம், என்ன வேகத்தில் சுழல வேண்டும் என்று கணக்குப் போட்டு, உம்முடைய பென்சிலுக்குக் கீழே பென்சிலால் எழுதியிருக்கிறேன். என் 'ப' இன்னும் சுருண்டுதான் படுத்திருக்கிறது. டிலானிக்கு விளங்காது, வந்தால் வாசித்துச் சொல்ல வேண்டும். 38ஐ நாற்பதாக்கப் பேனையைத் திறந்தேன், மூடிவிட்டேன். அந்த இரண்டு புள்ளி என்னோடேயே இருக்கட்டும்.

இன்று ஞாயிறு. கட்டை மறுபடி வெள்ளை நூலால் கட்டி, மேசையிலிருந்து எடுத்துக் கதவடி முக்காலியில் வைத்திருக்கிறேன். ஓர் அடி தூரம்தான். முப்பது வருடம் உம்முடைய வாளிக்குப் பின்னால் நின்றவன் நான். இப்போதுதான் தள்ளியிருக்கிறேன்.