கதிரேசன் பார்த்துக்கொண்டிருந்த வாசல்

என் சண்டைக்கார சரோஜா அக்காவுக்கு,

கதிரேசன் விஷயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். இதைச் சொல்ல ஆளில்லாமல் நான்கு நாளாகத் தவிக்கிறேன். நம் அறையில் உங்கள் கட்டில் அப்படியே கிடக்கிறது. உங்கள் இடத்துக்கு மலையேறி வர எந்த டீச்சரும் ஒப்பவில்லை.

திருப்பத்தூர் பஸ்ஸுக்கு வாராவாரம் காத்திருந்து பத்திரிகை வாங்கி, தொடர்கதையை மட்டும் கிழித்துக் கோணி ஊசியால் தைத்து வைத்தீர்களே, அதை மறுபடி எடுத்தேன். பெண்டாட்டி செத்தபின் யாரோடும் பேசாமல் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கதிரேசனை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்! "திமிரு புடிச்சவன்க்கா. மூஞ்சியத் தூக்கி வெச்சினு கீறான்" என்பேன். "அவன ஒழுங்காப் படிடி" என்பீர்கள். அவனுக்காக நாம் ஒரு வாரம் பேசாமல்கூட இருந்தோம்.

இப்போது ஒழுங்காகப் படித்தேன். தங்கை வந்து என்னவென்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறான். அவள் போய்விடுகிறாள். அடுத்த வரி அன்று என் கண்ணில் படவே இல்லை அக்கா. விளக்கு அணையும்வரை அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

போன தை மாதம் பள்ளிக்கூடப் படியில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். "இன்னாக்கா, கதிரேசனாட்டம் குந்தினு கீறீங்க?" என்று சிரித்தேன். "ஒண்ணுமில்லடி. நீ போ, வர்றேன்" என்றீர்கள். போய்விட்டேன். வயிற்றில் கட்டி இருப்பது உங்களுக்கு அன்றே தெரியும். ஊருக்குப் போய் வருவதாகக் கிளம்பினீர்கள்; எனக்குச் சாவுத் தந்திதான் வந்தது. நான் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்களா? பாவி, ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா நான்?

நேற்று அதே படியில் நான் உட்கார்ந்திருந்தேன். நமக்குச் சமைத்துப் போடும் முனியம்மா வந்து, "இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லயா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அவள் போகவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஒண்ணுமில்லன்னா சாமைச் சோத்த ஏன் அப்டியே வெச்சிட்டீங்க? சொல்லுங்க" என்றாள். வாய்விட்டு அழுதேன். முனியம்மாவுக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது.

இனி என்னிடம் யார் "ஒண்ணுமில்ல" என்றாலும், இரண்டாம் தடவை கேட்காமல் எழுந்து போகமாட்டேன். இது உங்களுக்கு நான் செய்துகொடுக்கும் சத்தியம்.

ஒரே தடவை கேட்டுவிட்டுப் போன
உங்கள் தங்கை,
வசந்தா