அப்பா மறுபடியும் முதலிலிருந்து போடுகிறார்

சாந்தோம், சென்னை
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு,

சேசு மரி சூசை உங்கள் வீட்டில் தங்கியிருக்கட்டும். மாப்பிள்ளை ஆண்ட்ரூவும் குழந்தை ஈவ்லினும் சுகமா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இப்போது சாப்பிட்டுத் தூங்குகிறார். நம் பங்குக் கோவில் பையன் ஜெஃப்ரி நாளை உங்கள் டப்ளினுக்குத் திரும்புகிறானாம், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஈவ்லின் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வருகிறது, என் புதுநன்மைப் படத்தை அனுப்புங்கள் என்று எத்தனை முறை கேட்டுவிட்டாய்! அவர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்ததும், போன வாரம் நீ கோபித்துக்கொண்டு போனை வைத்ததும் எனக்குத் தெரியும். அவரைத் திட்டாதே கண்ணு. அந்தப் படம் இல்லை. உன் கல்யாணப் படங்களும் இல்லை. கரையான் அரித்த ஆல்பத்தைத் தூக்கி எறியுமுன் ஒவ்வொன்றாக ஸ்கேன் எடுத்து வைத்தாரே, அத்தனையும் அழிந்துவிட்டது. அழித்தவர் அவரேதான்.

மழை விட்ட பிறகு ஒரு நாள், சிஸ்டம் கெட்டுப்போச்சு ஆலிஸ், உள்ளே விடமாட்டேங்குது என்றார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தவர், கெட்டால் என்ன செய்வார் என்று பார்த்து வளர்ந்தவள் நீ. பென் டிரைவைச் செருகி அவருக்குப் பிடித்த உபுண்டு சிஸ்டத்தை முதலிலிருந்து போட்டார். இரண்டு நாள் ஓடியது. மறுபடி கெட்டது, மறுபடி போட்டார். கோபாலபுரத்திலிருந்து ரகுபதி அங்கிள் வந்தார். எது நல்ல சிஸ்டம் என்று இந்த இரண்டு பேரும் காலம்காலமாகப் போடும் சண்டைதான் உனக்குத் தெரியுமே. இன்னாப்பா அல்போன்ஸு, மின்ட் போடுன்னு நான் அப்பவே சொல்லல? என்று கேலி பண்ணிவிட்டு, தனக்குப் பிடித்த அந்த மின்ட் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தார். அதுவும் கெட்டது. கடைசியில் விண்டோஸே போட்டுவிடலாம் என்றார் அங்கிள். சரி என்று அப்பா தலையாட்டினார். விண்டோஸ் என்றாலே எரிந்துவிழும் உன் அப்பா, ஒரு வார்த்தை சண்டை போடாமல்! எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

அந்த ஆர்ப்பாட்டத்தில், படங்களைப் பத்திரமாக வைத்திருந்த தனி டிஸ்கையும் காலி டிஸ்க் என்று நினைத்து அழித்துவிட்டார். உள்ளதும் போச்சுதடா நொள்ளைக்கண்ணா என்று நான் கத்தினேன். எதற்குக் கத்துகிறேன் என்பதே புரியாமல் என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே இல்லை. பாஸ்வேர்டு கேட்டது. ஒன்று அடித்தார், தவறு என்றது. வேறொன்று அடித்தார், அதுவும் தவறு என்றது. பாத்தியா, கெட்டுப்போச்சு என்று பென் டிரைவை எடுத்தார். மாதாவே! மறந்துபோகிறார் ஜொவிட்டா. மறந்தது தெரியாமல் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்கிறார். ஆனால் சிஸ்டம் போடுவதை மட்டும் மறக்கவில்லை. எங்கே எதை அழுத்த வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம், விரல்கள் தம் பாட்டுக்குப் போகின்றன.

பாஸ்வேர்டே இல்லாமல் வைத்துவிடலாம் என்று ரகுபதி அங்கிள் சொல்லிப் பார்த்தார். பூட்டில்லாத வீட்டில் எவன்யா குடியிருப்பான் என்று அப்பா சீறினார். ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினேன், கிழித்துப் போட்டுவிட்டார். பாஸ்வேர்டை எழுதி ஒட்டுகிறவன் முட்டாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவராயிற்றே.

கம்ப்யூட்டரோடு போனால் பரவாயில்லையே. போன மாதம் பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போனவரை, மீன் விற்கும் ஹம்சா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். டீச்சரம்மா, அவரு வூடு எங்க கீதுன்னு சாரு என்னையே கேக்குறாரு என்றாள். நான் சிரித்து மழுப்பி அவளை அனுப்பிவிட்டு, சமையலறையில் போய் அழுதேன். உன் ஆஸ்பத்திரி வார்டில் இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிறாய். அந்த நோயின் பெயரை நான் எழுத மாட்டேன். தேனாம்பேட்டையில் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. மாத்திரை கொடுத்தார். ஞாபகசக்தி இனிமேல் குறையுமே தவிர அதிகமாகாது என்று சொல்லிவிட்டார்.

போன திங்கட்கிழமை மறுபடி போட்டபோது, மறக்கவே மறக்காத ஒன்றைப் பாஸ்வேர்டாக வையுங்களேன் என்றேன். அப்படின்னா எம் பொண்ணு பேருதான் என்று சிரித்துக்கொண்டே உன் பெயரை அடித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! மறுநாள் காலை திறந்துவிட்டார். அதற்கு மறுநாளும் திறந்தார். வாரம் முழுக்க அவர் திறந்து பேப்பர் படிக்கப் படிக்க, எனக்குப் போன உயிர் வந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

இன்று பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஏதோ அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார். நான் பின்னால்தான் நின்றேன், எடுத்துச் சொல்லியிருக்கலாம். உன் பெயர் என் வாயிலும் வரவில்லை. கெட்டுப்போச்சு ஆலிஸ் என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவைத் தேட ஆரம்பித்தார்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய். அவ்வளவு நாள் வேண்டாம் கண்ணு. படங்கள் போனால் போகட்டும். லீவு தருவார்களா, டிக்கெட் என்ன விலை என்றெல்லாம் பார்க்காமல் புறப்பட்டு வா.

என் ஆசீர்வாதத்தை இந்தக் கடிதத்திலேயே அனுப்புகிறேன். அப்பாவுடையதை நேரில் வந்து, நெற்றியில் அவர் கையால் சிலுவை போடச் சொல்லி வாங்கிக்கொள். வாசலுக்கு வந்ததும், யாரென்று அவர் கேட்கும் முன்னே, உன் பெயரை நீயே சொல்லிவிடு.

உன் அம்மா,
ஆலிஸ்